வினவியோர் விடையிறுத்தல்: செய்தியாளர் உரையாடல் நூல் ஒன்றின் திறனாய்வு

செய்தியாளர் தொழில் வினாவின்மேல் நிற்பது. பிறரை வினவி, அவர்தம் விடையை ஆராய்ந்து, உலகிற்கு எடுத்துரைத்தலே அவர் கடன். அத்தகையோரையே ஒருவர் எதிரிருத்தி, 'நீவிர் எவ்வாறு வினவினீர்? எவ்வாறு எழுதினீர்?' என்று கேட்கும்பொழுது, நாள்தோறும் வினவிய வாய் விடை கூறும் வாயாகின்றது. இந்நிலை மாற்றத்திற் பிறக்கும் நூல்களை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவை இனிய தொழில் நினைவுகளாக மட்டும் அமைவனவா, சான்றாகவும் கொள்ளத்தக்கனவா என்பது, இதழியல் வரலாறு எழுதப் புகுவார் எவரும் விலக்கிச் செல்ல இயலாத வினாவாகும்.

ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் நூல், நியூயார்க்குப் பல்கலைக்கழக இதழியற் பேராசிரியர் இராபர்ட் பாயின்டன் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி நியூ நியூ ஜர்னலிசம்' என்பது. புதிய புதிய இதழியல் என்பது அத்தலைப்பின் பொருள். அமெரிக்க எழுத்தாளர் 19 பேரோடு அவர்தம் தொழில்முறை பற்றி நிகழ்த்திய உரையாடல்கள் அதன்கண் உள்ளன. 1973இல் டாம் உல்ஃப் தொகுத்த 'தி நியூ ஜர்னலிசம்' என்னும் நூலை நினைவூட்டியே இத்தலைப்பு அமைந்தது. உல்ஃப் காட்டிய புதுமை பெரிதும் நடையைப் பற்றியது; நாவலாசிரியன் கையாளும் உத்திகளைச் செய்தியெழுத்திற்குக் கொணர்வது. தம் நூலில் இடம்பெற்றோரின் புதுமையோ, செய்தி திரட்டும் முறையில் உள்ளது என்பது பாயின்டன் கோட்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏழையர் குடியிருப்புகளைப் படம்பிடித்தும் எழுதியும் காட்டிய ஜேக்கப் ரீஸ் போன்றோரின் வழிவந்தவர்கள் இவர்கள் என்றும் அவர் கூறுவர்.

வினா விடைகளால் ஆகிய நூலை அளப்பதற்குத் தமிழிலக்கணத்தில் ஏற்ற அளவுகோல் உண்டு. வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கூறினார். பவணந்தியார் நன்னூலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாஎதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என எட்டாகவும் வகுத்தார். அவ்வெட்டனுள் முதல் மூன்று நேரான விடைகள். ஏனைய ஐந்தும் நேர்விடை அல்லவாயினும் விடைப்பொருள் தருதலின் விடையெனத் தழுவப்பட்டவை. இப்பகுப்பு, பேச்சிலும் எழுத்திலும் விடை கூறுவான் எவ்விடத்தே நேர்நின்றான், எவ்விடத்தே ஒதுங்கினான் என்று காண உதவும் கருவியுமாகும்.

பாயின்டன் வினாக்களுட் பல அறியாவினாவின் வடிவின. உண்மையில் அவை அறிவினாக்களே. எழுத்தாளரின் நூல்களை நன்கு கற்றவர், கற்கும் மாணாக்கர் பொருட்டு வினவுகின்றார். பொருளை எங்குக் கண்டீர், பேச மறுப்பாரை எவ்வாறு பேச வைத்தீர், ஒலிப்பதிவுக் கருவி கொண்டீரா, குறிப்பேடு கொண்டீரா என்னும் வகையில் ஏறத்தாழ ஒரே வரிசை வினாக்கள் பலரிடத்தும் செல்கின்றன. இஃது ஒரு குறையாகத் தோன்றலாம்; ஆயின் ஒப்பீட்டாய்வுக்கு இதுவே பெருந்துணை. ஒரு வினா பலரிடத்துச் சென்று பல வடிவில் மீளும்போதுதான் தொழிலின் பொதுமையும் தனித்தன்மையும் புலப்படும்.

அவ்வாறு நோக்கின், இவ்வெழுத்தாளரிடையே விளங்கும் பொதுப்பண்பு காலத்தைச் செலவிடும் துணிவே. ஜானதன் ஹார், நச்சுநீரால் விளைந்த கேடு பற்றிய வழக்கொன்றைத் தொடர்ந்து, 'எ சிவில் ஆக்‌ஷன்' என்னும் நூலை 1995இல் வெளியிட எட்டாண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஏட்ரியன் நிக்கோல் லெபிளாங்க், நியூயார்க்கின் பிராங்க்சுப் பகுதிக் குடும்பத்தார் சிலரோடு பத்தாண்டுகளுக்கு மேற் பழகி, 2003இல் 'ரேண்டம் ஃபேமிலி' நூலை வெளியிட்டார். டெட் கானவர், சிறைக்காவலர் பயிற்சியை உடனிருந்து காண இசைவு மறுக்கப்பட்டமையின், தாமே காவலர் பணிக்கு விண்ணப்பித்துச் சிங் சிங் சிறையில் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். அதன் பயன் 2000இல் வந்த 'நியூஜாக்'. கே டலீசு, பாடகர் பிராங்க் சினாட்ரா பேட்டியளிக்க மறுத்தபோது, அவரைச் சூழ்ந்திருந்தோரை வினவியும் அவரைத் தொலைவிலிருந்து கண்டும் எழுதிய கட்டுரை, 1966 ஏப்ரல் 'எஸ்குயர்' இதழில் வெளிவந்து புகழ் பெற்றது. பேட்டி கிட்டாமையே நல்லதொரு கட்டுரைக்கு வழியாயிற்று. உற்றதுரைத்தலாகிய விடைக்கு இவர்தம் தொழில் வாழ்க்கையினும் வளமான களம் பிறிதில்லை.

இவருள் நம் ஆராய்ச்சிக்கு மிக்க பயன் தருபவர் லியோன் டேஷ். 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தியாளராகிய அவர், 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரின் ஏழ்மைப் பகுதியொன்றிற் குடியேறி, இளம்பருவத்திலேயே தாயராவோர் வாழ்வை ஆராய்ந்தார். குடும்பம், பள்ளி, கோயில், புறவாழ்வு என நால்வகையாகப் பகுத்து, ஒருவரையே பலமுறை, பல மணிநேரம் வினவுதல் அவர் முறை. கருத்தடை பற்றிய அறியாமையே இந்நிலைக்குக் காரணம் எனத் தொடக்கத்தில் விடை வந்தது. திங்கள் பல கழிந்து, நம்பிக்கை வேரூன்றிய பின்னரே, பிள்ளைப்பேற்றை அவருட் பலர் விரும்பியே ஏற்றனர் என்னும் உண்மை வெளிப்பட்டது. 1989இல் வந்த அவர் நூலின் தலைப்பே பிள்ளைகள் பிள்ளைகளை விரும்பும்போது என்னும் பொருளது. பின்னர் ஒரு குடும்பத்தை நான்காண்டு தொடர்ந்து அவர் எழுதிய 'ரோசா லீ' கட்டுரைத் தொடர் 1994இல் வெளிவந்து, 1995இல் புலிட்சர் பரிசு பெற்றது. முதல் விடை முழு விடையன்று. நாணமும் அச்சமும் தற்காப்பும் அதனை மூடியிருக்கும் என்பதே டேஷின் தொழில் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பாடத்தை அந்நூலின்மேலேயே செலுத்திப் பார்த்தல் நேர்மையாகும். பிறர் கூறும் முதல் விடையை நம்பாதவர் தம்மைப் பற்றிக் கூறும் விடையை நாம் எவ்வாறு கொள்வது? நம் கைக்கு வருவது செப்பம் செய்யப்பட்ட ஓர் உரையாடல். மீட்டும் மீட்டும் வினவி, முன்விடையைப் பின்விடையோடு மோதவிட்டு உண்மை காணும் முயற்சி அவ்வடிவத்தில் நிகழ்தற்கு இடமில்லை. அறிவினா மிக்கு, ஐயவினா குறைந்துள்ளது. இன்னும் பெரியது ஒன்று: எழுதப்பட்டோர் குரல் அங்கு இல்லை. கானவர் யாரென அறியாது அவரோடு பணிசெய்த காவலரும், அவர்தம் காவலில் இருந்த சிறையாளரும் என்ன எண்ணினர்? பத்தாண்டு தம் வாழ்வைத் திறந்து காட்டிய பிராங்க்சுக் குடும்பத்தார்க்கு அந்நூல் என் செய்தது? இவற்றிற்கு எழுத்தாளர் எத்துணை மனச்சான்றோடு விடை கூறினும், அவ்விடை ஒருதலையானதே. 'இவ்வாறு செய்தது முறையா?' என்பார்க்கு, 'நெடுநாள் அவரோடு வாழ்ந்தேன்' என்பது இனமொழி விடையேயன்றி நேர்விடை ஆகாது.

இக்குறை நீங்கிய வடிவம் ஒன்று முன்னரே தோன்றியது. ஜேனட் மால்கம் 1989இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதி, 1990இல் நூலாக்கிய 'தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்' என்பதே அது. தம் மனைவியையும் மகளிர் இருவரையும் கொன்றார் என 1979இல் தண்டிக்கப்பட்ட மருத்துவர் ஜெஃப்ரி மெக்டொனால்டோடு நண்பராய்ப் பழகிய எழுத்தாளர் ஜோ மெகின்னிசு, 1983இல் அவரைக் குற்றவாளியாகவே காட்டி நூல் வெளியிட்டார். தம்மை ஏமாற்றினார் என மெக்டொனால்டு தொடுத்த வழக்கு 1987இல் விசாரணைக்கு வந்து, நடுவர் குழுவினர் ஒருமனப்படாமையின் முடிவின்றி நின்றது. பின்னர் 3,25,000 டாலருக்கு உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. மால்கம் செய்தியாளரை வினவினார்; அவர் மேற்கொண்டு பேச மறுத்தபோது அம்மறுப்பையும் பதிவு செய்தார். எழுதப்பட்டவரையும், வழக்கறிஞரையும், நடுவர் குழுவினரையும் வினவினார். நட்புமொழி நிறைந்த கடிதங்களைச் சான்றாக வைத்தார். ஈண்டு உரையாடல் சான்றின் நிலைக்கு உயர்கின்றது.

மால்கம் தாமும் இவ்வளவைக்குப் புறம்பானவர் அல்லர். மேற்கோள்களைத் திரித்தார் என்று ஜெஃப்ரி மேசன் தொடுத்த வழக்கில் அவரே எதிர்வாதியாய் இருந்தார். அவ்வழக்கு 1991இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று, 1994இல் அவர்க்குச் சார்பாக முடிந்தது. இதழில் வந்தபோது அவ்வழக்கைக் கூறாது விட்டமையைப் பலர் சுட்டினர். 1990ஆம் ஆண்டு நூலின் பின்னுரையில் அவர் அதற்கு விடையிறுத்தார். பிறர் தொழிலை வினவுவார் தம் தொழிலும் வினவப்படும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பாயின்டன் நூல் மாணாக்கர்க்குத் தொழில் பயிற்றும் நோக்கினது. அதனை நீதிமன்றமாக்குதல் முறையன்று என மறுப்பார் உளர். அக்கூற்றில் உண்மையுண்டு. எழுதும் முறை, குறிப்பெடுக்கும் முறை, காத்திருக்கும் பொறுமை ஆகியன பற்றி அந்நூல் தரும் செய்திகளை ஐயுற வேண்டுவதில்லை; அவற்றைப் பொய்த்துக் கூறுதலால் எவர்க்கும் ஊதியம் இல்லை. ஆயின் தொழிலின் கைத்திறத்தை அதன் அறத்தினின்று பிரித்துக் கற்பித்தல் இயலாது. பேச மறுப்பாரைப் பேச வைப்பது எவ்வாறு என்னும் வினாவின் உள்ளேயே, பேச வைத்தது தகுமா என்னும் வினாவும் உறைகின்றது. முன்னதைக் கேட்டார்க்குப் பின்னதையும் கேட்கும் கடப்பாடு உண்டு.

ஆதலின் இவ்வகை நூல்களைப் பயில்வார் இரண்டு அளவைகளைக் கொள்ளுதல் நலம். செய்தியாளர் தம் செயலைப் பற்றி உற்றதுரைக்கும் இடத்து அவர் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம். தம் செயலால் பிறர்க்கு விளைந்ததைப் பற்றி அவர் பேசுமிடத்து, அப்பிறர் சொல்லும் கிட்டும் வரையில் அதனைப் பாதிச் சான்றாகவே கொள்ளல் வேண்டும். தமிழ் இதழாளர்தம் தொழில் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து தொகுக்க விழையும் ஆய்வு மாணவரும் இதனை உளங்கொளல் தகும். முதிர்ந்த செய்தியாளர் ஒருவரைக் கண்டு வினவிய பின், அவர் எழுதிய செய்தியில் இடம்பெற்ற ஊருக்கும் ஒருமுறை சென்று, அங்குள்ளாரையும் வினவி வருதல் வேண்டும்.