அலாவுதீன் யாருடைய பிள்ளை?

அக்குறணையில் என் உம்மும்மா சொன்ன அலாவுதீன் சீனத்துப் பையன். வாப்பா தையற்காரர், மகனின் ஊர்சுற்றலால் மனமுடைந்து மௌத்தாகிவிடுகிறார். உம்மா பஞ்சு நூற்றுச் சோறு போடுகிறாள். சீனம் எங்கிருக்கிறதென்று உம்மும்மாவுக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் எல்லாமே அவருக்குச் சீனம்தான்.

சென்ற பாடசாலை விடுமுறையில் மகளோடு அமர்ந்து, ரொன் கிளெமென்ற்ஸும் ஜோன் மஸ்கரும் 1992இல் வோல்ட் டிஸ்னி நிறுவனத்துக்காக நெறிப்படுத்திய 'அலாவுதீன்' கார்ட்டூன் படத்தை மீண்டும் பார்த்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரொபின் வில்லியம்ஸின் குரலில் வரும் ஜின், நொடிக்கொரு உருவம் எடுத்து, கதைக்குள்ளிருந்தே கதையைக் கேலி செய்கிறது. பழைய கதையில் மோதிரத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என இரு ஜின்கள். மூன்று வரம் என்ற கணக்கும் இல்லை. அந்த ஜின்களுக்குச் சொந்த ஆசையென்று எதுவுமில்லை. மாளிகையில் ரொக் பறவையின் முட்டையைத் தொங்கவிடச் சொன்னபோது மாத்திரம் விளக்கின் ஜின் சீறுகிறது. படமோ அடிமையான ஜின்னுக்கு விடுதலை வேட்கையைக் கொடுத்து, அதையே கதையின் உச்சமாக்கியது. மறுகூறலின் மிகச்சிறந்த இடம் இதுதான்.

அப்பிள் காட்சியில்தான் இடறியது. பசித்த சிறுவனுக்கு ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்த இளவரசியின் கையை வெட்ட வியாபாரி வாளோங்குகிறான். மகள் கேட்டாள்: "வாப்பா, நம்மட ஆக்களா அப்பிடி வெட்டுறவங்க?"

இது தற்செயலான காட்சியல்ல. தொடக்கப் பாட்டில் காதறுப்பது பற்றி இருந்த வரி, அரபு அமெரிக்கர்களின் எதிர்ப்பையடுத்து 1993இல் வீடியோவாக வெளிவந்தபோது மாற்றப்பட்டது. அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது எனும் சொல் மட்டும் அப்போது தங்கிவிட்டது. வளைகுடா யுத்தம் மூண்டதும் பக்தாத் என்ற பெயர் அக்ரபா ஆனது. நாயகனும் இளவரசியும் அமெரிக்க உச்சரிப்பில் பேச, சந்தைக்காரர்களுக்கும் காவலர்களுக்கும் மாத்திரம் அந்நியக் குரலும் கோணல் மூக்கும் வாய்த்தன.

"எங்கள் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று நம் இலக்கியக் கூட்டங்களில் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. இக்கதை பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கவில்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைற் கிறிஸ்தவ இளைஞர் 1709இல் பாரிஸில் அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்னது அது. சிரியாக்காரர் பிரான்சில் சொன்ன சீனக் கதை! நம் கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் தந்த 'அசன்பேயுடைய கதை'யும் எகிப்தில்தானே தொடங்குகிறது? தூரத்து ஊரைக் கற்பனை செய்வது எவருக்கும் உரிய உரிமை. அந்த ஊராரை எப்படிக் கற்பனை செய்தாய் என்பதே கேள்வி.

1926இல் ஜெர்மனியின் லொட்டே ரைனிகர் காகித நிழலுருக்களால் ஆக்கிய 'இளவரசர் அஹ்மத்' படத்திலும் அலாவுதீன் வருகிறான். அதன் மூலக்கதைகளில் ஒன்றான பெரிபானு கதையும் தியாப் சொன்னதே. அங்கும் ஆபிரிக்க மந்திரவாதி கோரமானவன்தான், குறையற்ற படமல்ல. ஆயினும் நல்லவன் கெட்டவன் அத்தனை பேரும் அதில் ஒரே கறுப்பு. தோல் நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்க வழியில்லை.

2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் எங்களவர் கடைகள் எரிந்ததற்கு ஒரு கார்ட்டூனைக் காரணம் காட்டுவது அபத்தம். ஆனால் மகளுக்கு எழுந்த கேள்வி, அவளோடு படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும் எழும். அந்தப் பிள்ளை அதை யாரிடம் கேட்கும்?

அன்றிரவு மகளுக்கு உம்மும்மாவின் கதையைச் சொன்னேன். தையற்கார வாப்பாவுக்காக வருந்தினாள். ரொக் முட்டைக்குச் சிரித்தாள். முடிவில், "ஜின்னை விடலயா வாப்பா?" என்றாள். இல்லை என்றேன். நாளைக்குச் சொல்லும்போது விட்டுவிடச் சொன்னாள்.