கதவைத் தட்டாத ஷ்னைடர்

'ஒன் டே அட் எ டைம்' தொடர் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1975 முதல் 1984 வரை ஓடியது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் அதை வேறொரு குடும்பத்தை வைத்துத் திரும்ப எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் வரும் ஷ்னைடர் என்ற ஆளைப் பற்றி மட்டும் இங்கே ஒரு குறிப்பு.

பழைய ஷ்னைடர், இண்டியானாபொலிஸ் நகரத்து அபார்ட்மென்ட் ஒன்றின் பராமரிப்பு ஆள். இடுப்பில் டூல் பெல்ட், கையில் எல்லாப் பூட்டுக்கும் சேரும் சாவி. கேட்காமலே உள்ளே வருவார், சிரிப்பொலி கேட்கும். நடித்த பாட் ஹாரிங்டன் ஜூனியருக்கு 1984-ல் எம்மி விருது கிடைத்தது. புதிய ஷ்னைடர் லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுக்காரர், பணக்கார வீட்டுப் பிள்ளை. டாட் கிரின்னெல் நன்றாகவே நடித்திருக்கிறார், ஒத்துக்கறேன். குடியை விட்டவராக அவர் தடுமாறும் இடங்கள் உண்மையானவை. ஆனால் அழைக்காமல் வந்து நிற்கும் ஜோக்கை மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்காரரைத் தூக்கிவிட்டார்கள். வாடகை வாங்குபவர் நினைத்தபோது உள்ளே வருவது அன்பாகிவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது.

கலிஃபோர்னியா சிவில் சட்டம் 1954-ஆம் பிரிவின்படி, ரிப்பேருக்காக வாடகை வீட்டுக்குள் வர பொதுவாக 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் மட்டும் விலக்கு. நிஜ டெக்னீஷியன் தட்டுவார், யாரென்று சொல்வார், காத்திருப்பார். ஏசியின் குளிர்வாயுக் குழாயைத் திறக்க மத்திய அரசின் 608 சான்றிதழ் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு. ஒருவர் காலி செய்த வீட்டை அடுத்தவர் வருவதற்குள் பெயின்ட், பூட்டு, குழாய் எல்லாம் பார்த்துத் தயாராக்கணும். ராத்திரி குழாய் உடைஞ்சா போன் அவருக்குத்தான். இரண்டு தொடர்களிலும் இந்த வேலை கதையாகவில்லை.

அமெரிக்காவில் நான் வாடகைக்கு இருந்தபோது ஒரு கோடையில் ஏசி நின்றது. மூன்றாம் நாள் வந்தவரிடம் கத்தினேன். கம்ப்ரசர் போயிருப்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டாராம், வாங்க ஆபீஸ்தான் அனுமதி தரலையாம். சொல்லிவிட்டு, ஜன்னலில் மாட்டும் சின்ன ஏசி ஒன்றை மாடிப்படி வழியாகத் தனியாகத் தூக்கிவந்து பொருத்திவிட்டுப் போனார். என் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் இருப்பவரைத்தான் புதிய தொடர் நமக்கு நண்பனாக்குகிறது.

பழைய ஷ்னைடரும் கோமாளிதான். ஆனாலும் ஒன்பது சீசன் முடிவதற்குள் அந்த வீட்டில் ஒருவராகிறார், சம்பளத்துக்கு உழைக்கும் ஆளாகவே. இன்னொரு முறை யாராவது இதை எடுத்தால் எனக்கு ஒரு காட்சி போதும்: அவர் கதவைத் தட்டிட்டு, டூல் பையைக் கீழே வெச்சுட்டு, வெளியே நிக்கணும்.