‘மாணவர் திருப்தி’ என்னும் கருத்தாக்கம்: சில விமர்சனக் குறிப்புகள்

உயர்கல்வி பற்றி இன்று வெளிவரும் அறிக்கைகளிலும் ஆய்வுகளிலும் ‘மாணவர் திருப்தி’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகின்றது. திருப்தியுற்ற மாணவர் கற்றலில் ஈடுபாடு கொள்வர். ஈடுபாடு கொண்டோர் பரீட்சையில் உயர்ந்த அடைவைப் பெறுவர். ஆகவே திருப்தியை அளந்து உயர்த்தினால் கல்வியின் தரமும் உயரும் என்னும் தருக்கம் இவ்வெழுத்துக்களின் அடிப்படையாக உள்ளது. நமது பல்கலைக்கழகங்களிலும் பாடநெறி முடிவில் மாணவர் நிரப்பிக் கொடுக்கும் வினாக்கொத்துகள் தர உறுதிப்பாட்டு நடைமுறையின் ஓர் அங்கமாகிவிட்டன. இத்தருக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கு முன்னர், திருப்தி என்னும் கருத்தாக்கம் எங்குத் தோன்றியது, எத்தகைய சமூக உறவைத் தன்னுள் கொண்டிருக்கின்றது என்பன ஆராயப்படல் வேண்டும். கல்வியியலாளரின் துறைக்குள் இலக்கிய மாணவர் தலையிடுவதற்கு நியாயம் உண்டு. வாசகரைத் திருப்திப்படுத்துவதே எழுத்தாளரின் கடமை என்ற வாதத்தோடு முற்போக்கு இலக்கிய விமர்சனம் பல தசாப்தங்களாகப் போராடி வந்துள்ளது. வணிகச் சஞ்சிகைகள் தமது சரக்குக்குக் கூறிய அதே நியாயம் இப்போது விரிவுரை மண்டபத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது.

திருப்தி பற்றிய இன்றைய கோட்பாடு சந்தை ஆய்விலே வேர்கொண்டது. 1980ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த றிச்சாட் ஒலிவர் வகுத்த மாதிரியே பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அத்திவாரமாக அமைந்தது. நுகர்வோர் ஒரு பொருளை வாங்குமுன் அதுபற்றி ஓர் எதிர்பார்ப்பைக் கொண்டிருக்கின்றார். பயன்படுத்திய பின்னர் தமது அனுபவத்தை அவ்வெதிர்பார்ப்போடு ஒப்பிடுகின்றார். அனுபவம் எதிர்பார்ப்பை எட்டினாலோ விஞ்சினாலோ திருப்தி, குறைந்தால் அதிருப்தி. சவர்க்காரத்தைப் பொறுத்தவரை இது போதுமானதாக இருக்கலாம். ஆயின் இம்மாதிரியின்படி பார்த்தாலும் திருப்தி என்பது பொருளின் தரத்தைக் கூறுவதாகாது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான தூரத்தையே அது கூறுகின்றது. எதிர்பார்ப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கின்றதோ அவ்வளவு எளிதாகத் திருப்தி கைகூடும்.

அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகின்றது என்ற வினாவைச் சந்தை ஆய்வு எழுப்புவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நமக்கோ அதுவே முதல் வினா. தோட்டத்து லயன் அறையிலிருந்து தமது குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். நால்வர் பகிர்ந்துகொள்ளும் விடுதி அறை அவருக்குத் தனிக் கட்டிலையும் இரவிலே படிக்க விளக்கையும் தருகின்றது. வினாக்கொத்தில் அவர் ‘திருப்தி’ என்று அடையாளமிடுவார். கொழும்பின் பெயர்பெற்ற பாடசாலையிலிருந்து வரும் மாணவர் அதே அறையைக் கண்டு ‘அதிருப்தி’ என்று அடையாளமிடுவார். இவ்விரு குறிகளையும் கூட்டிச் சராசரி காணும்போது கிடைப்பது அறையைப் பற்றிய அறிவா, வர்க்கத்தைப் பற்றிய அறிவா? வறியோரின் திருப்தி பலவேளைகளில் அவர்கள் எதை எதிர்பார்க்கக் கூடாதென்று சமூகம் கற்பித்ததோ அதன் அளவுகோலாகும். அத்தகைய திருப்தியை நிருவாகத்தின் சாதனையாகக் கணக்கிற் சேர்ப்பது அடக்குமுறையின் விளைவை அதற்கே நற்சான்றாக வழங்குவதற்கு ஒப்பாகும்.

எதிர்பார்ப்பு என்னும் சொல்லுக்கு இந்நாட்டின் கல்வி வரலாற்றிலே ஒரு தனி இடம் உண்டு. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960களிலே கலைப்பீடங்களில் சுயமொழிகள் போதனா மொழிகளானமையும் கிராமப்புற இளைஞரின் எதிர்பார்ப்புக்களை முன்னெப்போதும் இல்லாதவாறு உயர்த்தின. பொருளாதாரமோ காலனித்துவ அமைப்பிலிருந்து பெரிதும் மாறாது நின்றது. 1971 ஏப்ரற் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், டட்லி சியஸ் தலைமையிலான சர்வதேச தொழில் தாபனக் குழு இலங்கை பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. வேலைவாய்ப்புக்களையும் எதிர்பார்ப்புக்களையும் பொருத்துவது என்பதே அவ்வறிக்கையின் தலைப்பு. பொருத்தம் என்பது இரு வழிகளில் நிகழக்கூடும். வாய்ப்புக்களை உயர்த்தலாம், எதிர்பார்ப்புக்களைத் தாழ்த்தவும் செய்யலாம். அவ்வறிக்கையில் முதலாவது வழிக்கான யோசனைகளும் பல இருந்தன என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் அதன் பின்னர் கல்விச் சீர்திருத்தம் என்ற பெயரில் நிகழ்ந்த விவாதங்கள் பலவும் இரண்டாவது வழியையே நாடின. ஆர்வத்தைக் குறைத்தால் அதிருப்தியும் குறையும்.

திருப்தியை அளப்பது எங்கே இட்டுச் செல்லும் என்பதற்குப் பிரித்தானியா ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும். இறுதியாண்டு மாணவரிடம் நடத்தப்படும் தேசிய மாணவர் கணிப்பு அங்கு 2005இல் ஆரம்பமாயிற்று. 3,000 பவுண் வரையிலான மாறுபடு கட்டணத்தை அனுமதித்த சட்டம் அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறியிருந்தது; 2012இல் இங்கிலாந்தில் கட்டண உச்சவரம்பு 9,000 பவுணாயிற்று. கட்டணமும் கணிப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தமை தற்செயலன்று. விலை கொடுப்பவரிடம் சரக்கைப் பற்றிக் கேட்கவேண்டியிருந்தது. 2017இல் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் வழங்கும் திட்டத்திற் கணிப்பின் பெறுபேறுகளும் சேர்க்கப்பட்டன. அத்தரத்தைக் கட்டண உயர்வோடு பிணைக்க அரசு முனைந்தபோது, தேசிய மாணவர் சங்கம் கணிப்பைப் பகிஷ்கரிக்க அறைகூவியது; ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் உட்படப் பல இடங்களில் மாணவர் அதை ஏற்றனர். தமது குரல் என்று கூறப்பட்ட கருவி தமக்கு எதிராகவே பயன்படுவதை மாணவரே முதலில் உணர்ந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 2023இல், மொத்தத்தில் திருப்தியா என்ற வினா இங்கிலாந்துக்கான வினாக்கொத்திலிருந்து நீக்கப்பட்டது.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) ஓர் ஆசிரியரை உதாரணமாகக் காட்டுவார். பிள்ளைகளின் மூளையைப் பண்படுத்துவதோடு பாடசாலை உரிமையாளரைச் செல்வந்தராக்கவும் உழைக்கும்போதுதான் ஆசிரியர் முதலாளித்துவ அர்த்தத்தில் உற்பத்தித் திறனுடைய தொழிலாளியாகின்றார்; உரிமையாளர் தமது மூலதனத்தை இறைச்சிப் பதனிடும் ஆலையில் இடாமற் கற்பித்தல் ஆலையில் இட்டிருப்பது அவ்வுறவை மாற்றுவதில்லை என்பது அவர் கருத்து. நமது அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டத்துக்கு இன்றும் கட்டணம் இல்லை. ஆயினும் வாடிக்கையாளர் என்ற மொழி கட்டணத்துக்கு முன்னதாகவே இங்கு வந்து சேர்ந்துவிட்டது. சொல் முதலில் வந்து இடம் பிடிப்பதும் பொருள் பின்னர் வந்து குடியேறுவதும் வரலாற்றிற் புதியனவல்ல.

இனி, திருப்திக்கும் கற்றலுக்குமுள்ள தொடர்பு பற்றிச் சான்றுகள் கூறுவதைக் காண்போம். 1970இல் ஐக்கிய அமெரிக்காவில் மைக்கல் பொக்ஸ் என்ற நடிகரை ஓர் அறிஞராக அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியோடு தொடர்புடையோர் முன்னிலையில் விரிவுரையாற்றச் செய்தனர் ஆய்வாளர் சிலர். முரண்பாடுகளும் வெற்றுச் சொற்களும் நிறைந்த அவ்விரிவுரையைக் கேட்டோர் அதற்கு நல்ல மதிப்பீடே வழங்கினர். 1973இல் வெளியான இவ்வாய்வு சிறியது, வேடிக்கையாகப் பேசப்படுவது. இதனை ஒரு முடிந்த முடிபாகக் கொள்ளல் தகாது. இதனினும் கனதியானது 2010இல் வெளிவந்த கரெல், வெஸ்ட் ஆகியோரின் ஆய்வு. ஐக்கிய அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர் எந்த ஆசிரியரிடம் கற்பது என்பதைத் தாமே தெரிவுசெய்வதில்லை; எழுமாறாகவே வகுப்புக்களுக்கு ஒதுக்கப்படுகின்றனர். பரீட்சையும் பொதுவானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகள் தொடர்ந்து அவதானிக்கப்பட்டன. முதற் பாடநெறியில் உயர்ந்த புள்ளிகளைப் பெற உதவிய ஆசிரியர்களை மாணவர் உயர்வாக மதிப்பிட்டனர். ஆனால் அவ்வறிவின் மீது கட்டியெழுப்பப்படும் அடுத்தடுத்த பாடநெறிகளில், தாழ்ந்த மதிப்பீடு பெற்ற அனுபவமிக்க ஆசிரியர்களிடம் கற்றவரே சிறந்து விளங்கினர். 2019இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்புக்களில் நடைபெற்ற ஓர் ஆய்வு மேலும் நுணுக்கமானது. தாமே முயன்று பிரச்சினைகளைத் தீர்த்த மாணவர் கூடுதலாகக் கற்றிருந்தனர்; ஆனால் குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர். தெளிவான விரிவுரையை அமைதியாகக் கேட்டிருந்தோரின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது.

இம்முடிவுகள் கிராம்சியைப் படித்தோருக்கு வியப்பளிக்கமாட்டா. படிப்பு என்பது தனக்கேயுரிய சிரமமான பயிற்சியைக் கொண்ட உழைப்பு. உடலையும் நரம்பையும் பழக்கவேண்டிய உழைப்பு என்பதைச் சிறையிலிருந்து எழுதிய குறிப்புக்களில் அவர் வலியுறுத்தினார். அச்சிரமத்தைச் சலுகையாற் குறைப்பது விவசாயியின் பிள்ளைக்குச் செய்யும் உபகாரமாகாது என்றும் கருதினார். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும் பழக்கத்தை விவசாயியின் பிள்ளை வகுப்பறையிலேதான் பெறவேண்டும். இதற்கு முன்பே, 1857இல் எழுதிய குறிப்புக்களில் மார்க்ஸ், உற்பத்தியானது தேவைக்குப் பொருளை ஆக்குவதுடன் பொருளுக்குத் தேவையையும் ஆக்குகின்றது என விளக்கி, கலைப்படைப்பு தன்னைச் சுவைக்கவல்ல மக்களைத் தானே உருவாக்குகின்றது என்று உதாரணமும் காட்டினார். கல்விக்கு இதனைவிடப் பொருத்தமான விளக்கம் வேறில்லை. மாணவர் கொண்டுவரும் தேவையை நிறைவேற்றி அனுப்புவது கடையின் வேலை. அத்தேவையையே மாற்றுவது கல்வியின் வேலை. மாற்றம் நிகழும்போது பழைய எதிர்பார்ப்பு முறிகின்றது. புதியது இன்னும் உருவாகவில்லை. வினாக்கொத்து வந்து நிற்பது பெரும்பாலும் அந்த இடைவேளையிலேதான்.

தமிழ் வகுப்பிலே இது கண்கூடு. க.பொ.த. உயர்தரத்துக்கு ரியூசன் நிலையங்களில் ‘நோட்ஸ்’ எழுதிப் பழகிய மாணவர், பல்கலைக்கழகத்திலும் செய்யுளுக்குப் பொழிப்பும், எதிர்பார்க்கத்தக்க வினாக்களுக்கு விடையும் எதிர்பார்க்கின்றனர். சங்கச் செய்யுள் ஒன்றை எடுத்து, இதில் யாருடைய உழைப்பு மறைக்கப்பட்டுள்ளது, பாடியவர் யாருடைய கொடையில் வாழ்ந்தார் என்று கேட்கும் விரிவுரையாளர் அவர்களுக்கு முதலில் எரிச்சலையே ஊட்டுவார். குறிப்புக் கொடுப்பவருக்கு நிச்சயமாகக் கூடிய புள்ளி கிடைக்கும். இங்கே திருப்தியை உயர்த்துவது எளிது. அதன் விலை விமர்சன சிந்தனை.

ஈடுபாடு என்ற சொல்லும் ஆராய்தற்குரியது. 1984இல் அலெக்சாண்டர் அஸ்ரின், கற்றலில் மாணவர் செலுத்தும் உடல், உளச் சக்தியின் அளவையும் பண்பையும் ஈடுபாடு என வரையறுத்தார். திருப்தியோடு ஒப்பிடுகையில் இது முன்னேற்றமான கருத்து; மாணவரை நுகர்வோராகவன்றி உழைப்போராகப் பார்க்கின்றது. ஆனால் சக்தியும் நேரமும் சமூகத்தில் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்ற இடத்தில் அது நின்றுவிடுகின்றது. மாலையில் தொலைபேசிக் கடையில் வேலைசெய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவரின் சக்தி வேறெங்கோ முதலீடாகிவிட்டது. அவரை ‘ஈடுபாடு குறைந்தவர்’ எனப் பதிவது அவரது வறுமையை அவரது குணமாக மாற்றிவிடும். 1975இல் வின்சன்ற் ரின்ரோ முன்வைத்த இடைவிலகற் கோட்பாடு தற்கொலை பற்றிய டூர்கைமின் சிந்தனையிலிருந்து கிளைத்தது. கல்லூரிச் சமூகத்தோடு ஒன்றிணையாதவர் விலகிச் செல்கின்றார் என்பது அதன் சாரம். எதனோடு ஒன்றிணைவது என்பதே நமது கேள்வி. ஜெனிங்ஸ் திட்டமிட்ட பேராதனை வளாகம் ஆங்கிலேயப் பழம் பல்கலைக்கழகங்களின் விடுதி வாழ்வை மாதிரியாகக் கொண்டது. அவ்வாழ்வோடு இலகுவில் ஒன்றிணையக்கூடியவர் யார் என்பது வெளிப்படை. இன்று புதுமுக மாணவர் எதிர்கொள்ளும் பகிடிவதையும் ‘ஒன்றிணைத்தல்’ என்ற பெயரிலேயே நியாயப்படுத்தப்படுகின்றது.

இவ்வாறெல்லாம் கூறுவது சில விரிவுரையாளருக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கும் என்பதை அறிவோம். இருபது ஆண்டுகளாக மஞ்சளேறிய அதே குறிப்பை வாசித்துவரும் ஒருவர், மாணவரின் அதிருப்தியைத் தமது ஆழத்துக்குச் சான்றாகக் காட்ட இவ்வாதத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் இதற்கு விலக்கல்லர். குருவைக் கேள்வி கேட்பது பாவம் என்னும் நிலமானிய மனோபாவம் சந்தை மனோபாவத்துக்கு மாற்றாகிவிடாது. மேலே குறித்த ஆய்வுகளிலிருந்து, திருப்தி குறைந்தால் கற்றல் கூடும் என்ற முடிவு பெறப்படுவதுமில்லை. மோசமான விரிவுரையும் அதிருப்தியைத் தரும். கடினமான விரிவுரையும் தரும். வினாக்கொத்தின் ஐந்து கட்டங்கள் இரண்டையும் வேறுபடுத்த வல்லன அல்ல என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

மாணவர் தமது அதிருப்தியைக் கூட்டங்களிலும் பகிஷ்கரிப்புக்களிலும் கோரிக்கைகளாக முன்வைத்தபோது அது ஒரு கூட்டுக் குரலாக இருந்தது. மறுமொழி கூறவேண்டிய கடப்பாடும் மறுதரப்புக்கு ஏற்பட்டது. வினாக்கொத்து அக்குரலைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்து, பெயரை நீக்கிச் சராசரியாக்கிவிடுகின்றது. கேட்கப்படும் வினாக்களையும் மாணவர் வகுப்பதில்லை. விரிவுரையாளர் தெளிவாக விளக்கினாரா என்று கேட்கப்படுகின்றது. அவர் சிபாரிசு செய்த நூல்களுள் எத்தனை தமிழில் உள்ளன என்று கேட்கப்படுவதில்லை. அரசகரும மொழித் திணைக்களம் ஒருகாலத்தில் பாடநூல்களைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டது. அம்முயற்சி தளர்ந்த பின்னர், தமிழ் மூலம் கற்கும் மாணவர் ஆங்கில நூலுக்கும் பிரதிசெய்த குறிப்புக்கும் இடையே விடப்பட்டார். நூலகத்திலுள்ள பிரதிகள் எத்தனை, அவற்றுக்காகக் காத்திருப்போர் எத்தனைபேர், மகாபொல உதவித்தொகை மாதத்தின் எத்தனையாம் நாள் வரை போதுகின்றது, விடுதி கிடையாதோர் நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் பஸ்ஸிலே கழிக்கின்றனர் என்பனவற்றை மாணவர் ஒன்றியங்களே பீடம் பீடமாகத் திரட்டி, பீடச் சபையின் முன் வைக்கலாம். அத்தகைய கணக்கெடுப்புக்குத் திருப்தி என்ற சொல் தேவைப்படாது.