கணினியில் நெளியும் ஆறு

கணினித் திரையில் ஓர் ஆறு வளைவதைப் பார்ப்பது தனிச் சுகம். ஏறக்குறைய நேரான ஒரு கோடு, அதில் கண்ணுக்கு எட்டாத சிறு கோணல், தொடக்கம் அவ்வளவுதான். வெளிக்கரையில் நீர் வேகமாக உரசி மண்ணை அரிக்கும், உள்கரையில் தயங்கி மணலைப் படியவிடும். இந்த விதியைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் கோணல் பெருத்து, நெளிந்து, கீழ்நோக்கி நகர்கிறது. வேகம் உச்சம் தொடுவது வளைவின் முனையைச் சற்றுத் தாண்டித்தான். நெளிவுகள் ஒருபக்கம் சாய்வது அந்தச் சிறு தாமதத்தால். கடைசியில் வளைவின் கழுத்து ஒடுங்கி அறுபட, ஆறு குறுக்கே பாய்ந்து குதிரைக் குளம்பு ஏரியை விட்டுச் செல்கிறது. இவ்வடிவங்களில் எதையும் யாரும் வரைந்து கொடுக்கவில்லை; இந்தக் கணினி மாதிரியின் நேர்த்தி அதுவே.

பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் கோயில் பக்கம் பாலாறு அகன்ற மணற்பரப்பாகத்தானே கிடக்கிறது, எங்கே நெளிவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. களிமண்ணும் வேர்களும் இறுகப் பிடிக்காத கரை எளிதில் சரியும். ஆறு அகன்று, மணல்திட்டுகளுக்கிடையே இழைகளாகப் பிரியும். கரையின் உறுதியையும் சேர்த்துக் கணக்கிடும் விரிவான மாதிரிகளில் இந்த வேறுபாடும் தெரிகிறது. எண்கள் ஆறாகிவிடுமா என்றால், ஆகாது. மணல் அள்ளிய பள்ளமும் தோல் தொழிற்சாலைக் கழிவும் எளிய சமன்பாட்டில் இல்லை. ஆனால் எதைச் சேர்த்தால் எந்த வடிவம் பிறக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிகிறது. ஆற்றை அறிந்து நேசிக்க அது நேர்மையான வழி.