புகழ் கரிக்கு, உழைப்பு கம்பிக்கு

பெரு நாட்டில் ஜூலை மாதத்து மூன்றாம் ஞாயிறு கோழிக்கு உரியது. ‘போயோ அ லா பிராசா’ என்கிற தணல் கோழிக்கு 2010 முதல் அரசே ஒதுக்கியிருக்கும் நாள் அது. அதற்கு முன்பே, 2004இல், இந்த உணவைத் தேசத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு மரியாதை பெற்ற பண்டம் இன்காக்கள் காலத்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். லிமாவை ஒட்டிய சான்டா கிளாராவில் ரோஜர் ஷூலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1950 வாக்கில் தொடங்கிய ‘லா கிரான்ஹா அசூல்’ உணவகத்தில்தான் இதன் பிறப்பு. கூட்டம் சேரச் சேர, பல கோழிகளை ஒரே நேரத்தில் சுற்ற எந்திரம் வேண்டியிருந்தது. ஃபிரான்ஸ் உல்ரிச் என்ற இன்னொரு சுவிஸ்காரர் அதைச் செய்து கொடுத்தார். கம்பிகள் ஒவ்வொன்றும் தானும் சுழலும். எல்லாம் சேர்ந்து ஓர் அச்சையும் சுற்றிவரும்.

ஆனால் லிமாவில் யாரைக் கேட்டாலும் ருசியின் ரகசியம் கரி என்றுதான் சொல்வார்கள், அதுவும் அல்கரோபோ மரத்துக் கரி. எந்திரத்தை யாரும் பாராட்டுவதில்லை. இந்தப் பங்கீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுழற்சி என்ன செய்கிறது என்று பார்ப்போம். தணலுக்கு மேல் அசையாமல் கிடக்கும் இறைச்சியின் அடிப்பக்கம் கருகும்போது உள்ளே ரத்தம் மாறியிருக்காது. சுழலும்போது ஒவ்வொரு பக்கமும் சிறிது நேரம் சூட்டை வாங்கி, உடனே விலகி ஆறுகிறது. தோல் சிவக்கும் அளவுக்குச் சூடு கிடைக்கிறது, கருகும் அளவுக்குக் கிடைப்பதில்லை. உள்ளே போகும் வெப்பமோ நிதானமாக, எல்லாத் திசையிலிருந்தும் போகிறது. உருகிய கொழுப்பு சொட்டுவதற்குள் கீழ்ப்பக்கம் மேலே வந்துவிடுவதால், அதில் ஒரு பங்கு தோலின் மீதே வழிந்து வழிந்து பூசிக்கொள்கிறது. நெய் தடவ ஆள் வேண்டாம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் சரி. ‘சாறு வெளியே போகாமல் பூட்டி வைக்கும்’ என்று கடைப் பலகைகள் சொல்வது கதை. இறைச்சி எவ்வளவு நீரை இழக்கும் என்பதை உள்வெப்பம்தான் தீர்மானிக்கிறது. அளவுக்கு மேல் வெந்தால், சுழன்ற கோழியும் சக்கைதான்.

இந்தச் சுற்றும் வேலைக்கு ஒரு கசப்பான சரித்திரமும் உண்டு. இங்கிலாந்தின் பெரிய வீட்டு அடுப்பங்கரைகளில் சிறுவர்களை நெருப்பருகே உட்காரவைத்துக் கம்பியைச் சுற்றச் செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே சக்கரக் கூண்டுக்குள் நாயை ஓடவிடும் வழக்கமும் வந்துவிட்டது. அதற்கென்றே வளர்த்த குட்டைக்கால் நாயினம், எந்திரம் மலிந்த 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. மோட்டார் வந்ததைப் பற்றி நான் புலம்பமாட்டேன்.

சுழற்சியின் குறை அதன் நிறைக்குள்ளேயே இருக்கிறது. அது எல்லாப் பக்கத்துக்கும் சமமாகச் சூடு தருகிறது; கோழியோ எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. நெஞ்சுக்கறி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வறளத் தொடங்கும். தொடைக்கறி 80ஐத் தொட்டால்தான் சவ்வு இளகி எலும்பிலிருந்து கழலும். தட்டையான கிரில்லில் தொடையை அனல் பக்கமும் நெஞ்சை ஓரமாகவும் நகர்த்தி வைக்கலாம். கம்பியில் குத்திய முழுக் கோழிக்கு அந்த வசதி கிடையாது. ஓரளவு சமாளிக்க ஒரு வழி, கால்கள் இருக்கும் முனைக்கு நேரே தணலைக் குவித்து, கழுத்துப் பக்கம் குறைப்பது. பெரிய கோழியை விட்டுவிட்டு ஒன்றரைக் கிலோவுக்குள் வாங்குவதும் உதவும்.

எடை ஒருபக்கமாகச் சாய்ந்தால் வேறு வம்பு. கனமான பக்கம் சட்டென்று கீழே விழுந்து, மேலே ஏறத் திணறும். அந்தப் பக்கம் கருகும், மோட்டாரும் கெடும். அதனால்தான் இறக்கையையும் காலையும் நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அது அழகுக்காக அல்ல.

இனி கரி. நன்றாகச் சுட்ட கரியில் மரத்தின் வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் மூட்டத்திலேயே போய்விட்டிருக்கும். கனன்று சாம்பல் பூத்த தணலில் புகையே அதிகம் இராது. விறகாக எரித்தால் மரத்துக்கு மரம் மணம் மாறும். கரியாக்கிய பிறகு அந்த வேறுபாடு மிகச் சிறியது. அல்கரோபோவின் உண்மையான சிறப்பு அதன் அடர்த்தி. நெடுநேரம் நின்று எரியும், சூடு தளராது. அப்படியானால் நாம் மயங்கும் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? கொழுப்புச் சொட்டுகள் தணலில் விழுந்து எரிந்து, ஆவியாக மேலே வந்து கோழியின் மீது படிவதிலிருந்து வருகிறது.

சங்கடமும் அங்கேதான். அதே புகையில்தான் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்றான பென்சோபைரீனை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. தணலை இரு பக்கமும் ஒதுக்கி நடுவில் தட்டு வைத்தால் சொட்டு நெருப்பில் விழாது. நஞ்சு குறையும், கூடவே மணமும் குறையும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வழியில்லை. எப்போதாவது சாப்பிடுகிறவர் இதற்குப் பெரிதாக அஞ்ச வேண்டாம் என்பது என் எண்ணம். நாள்தோறும் அந்தப் புகையில் நிற்கும் சமையல்காரரின் கணக்கு வேறு. புகைபோக்கி இல்லாத அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது.

காட்டுக் கணக்கும் இருக்கிறது. வட பெருவின் பியூரா, லம்பயேக்கே வறண்ட காடுகளில் அல்கரோபோ என்பது ஆட்டுக்குத் தீவனம், தேனீக்குப் பூ, காய்களைக் காய்ச்சி எடுக்கும் பாகு. அனுமதியின்றி வெட்டிக் கரியாக்குவது குற்றமாக இருந்தும் வெட்டு நின்றபாடில்லை. கரியில் பெரிதாக இல்லாத ஒரு வாசனைக்காக இந்த மரம் சாய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம்மூர்ச் சீமைக்கருவேலமும் அல்கரோபோவின் அதே புரோசோபிஸ் பேரினம்தான். இரண்டையும் பிரித்தறியத் தாவரவியலாளர்களே திணறுவதுண்டு. அங்கே காக்கப் போராடும் மரத்தின் பங்காளியை இங்கே வேரோடு பிடுங்கக் கோரி நீதிமன்றம் வரை போனோம். இராமநாதபுரத்தில் மூட்டம் போட்டு எடுக்கும் அந்தக் கரியும் அடர்த்தியானது, நின்று எரிவது. கரியில்தான் சுடுவேன் என்கிறவருக்கு நம் பக்கத்தில் மனம் உறுத்தாத கரி அதுதான்.

கரி கட்டாயமா என்றால், இல்லை. நம் நகரங்களில் மாலையில் வாசலுக்கு வரும் கண்ணாடிப் பெட்டி கிரில்களில் பெரும்பாலும் எரிவது கேஸ்தான். தோல் சிவக்கிறது, உள்ளே வேகிறது; இழப்பது அந்தக் கொழுப்புப் புகையின் வாசனையை மட்டும். கடைக் கோழி ஏமாற்றும்போது நாம் கேஸைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி, நிற்காத சுழற்சி. 6 மணிக்கே வெந்துவிட்ட கோழி 9 மணிக்கும் விளக்கு வெளிச்சத்தில் விளம்பரத்துக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பச்சைக் கோழியை மேல் கம்பியில் ஏற்றினால் அதன் நீர் வெந்த கோழியின் மீது சொட்டும் ஆபத்தும் உண்டு. புதிதை எப்போதும் கீழ்க் கம்பியில்தான் ஏற்ற வேண்டும். அதனால் வாங்கப் போகிறவர் மேல்வரிசையில் பளபளப்பதைக் கேட்காமல், கடைசியாக ஏற்றியது எப்போது இறங்கும் என்று விசாரித்து, அரை மணி நேரம் ஆனாலும் நின்று வாங்கலாம்.