போடிமெட்டும் பாட்டுமெட்டும்

எங்கள் பக்கத்தில் மெட்டு என்றால் இரண்டு பொருள். மலை ஏறி மறுபக்கம் இறங்கும் இடம் மெட்டு: போடிமெட்டு, கம்பம்மெட்டு. பாட்டு நடந்துபோகும் வழியும் மெட்டுதான். ஏலக்காய் சீசனில் விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் நிரம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகும் பெண்களோடு இந்த இரண்டாவது மெட்டும் தினமும் மலையேறுகிறது, பொழுது சாயத் திரும்புகிறது.

அப்படி ஏறிய ஒரு தெம்மாங்கின் பின்னால் நான் சில வருடம் அலைந்தேன். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலத்தூருக்கு அடியில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா 'தன்னன்னானே' என்று தொடங்கினார். அந்த மெட்டைச் சின்ன வயதில் கேசட்டில் கேட்டிருந்தேன். சொற்களின் சாயலை ஒரு தொகுப்பு நூலில் படித்திருந்தேன். எது முந்தியது, யார் யாரிடம் வாங்கியது? நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் வரிசைப்படுத்தினால் தெரிந்துவிடும் என்று நம்பினேன். பாதி தெரிந்தது.

இந்தத் தேடல்முறை முழுதாகக் கைகொடுத்த இடம் நம் சங்கீதத்திலேயே உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் துதிகள் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியம் என்கிறோம். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் நடக்கிறது. 'சியாமளே மீனாக்ஷி'யைப் பாடினால், பக்கத்தில் இருக்கும் குழந்தை 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று சேர்ந்துகொள்ளும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. இதை ஊகமாக இல்லாமல் அடித்துச் சொல்ல முடிகிறது என்றால், இரண்டு பக்கமும் இசைக்குறிப்பு இருப்பதுதான் காரணம். சுப்பராம தீட்சிதர் 1905-ல் இந்த சாகித்தியங்களை ஸ்வரப்படுத்தி அச்சிட்டார். அரச வாழ்த்து 1745-லேயே லண்டன் பத்திரிகையில் அச்சேறிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து விரல் ஓட்டினால் போதும்.

அயர்லாந்துக்காரர்கள் ஒரு ஜிக் மெட்டைத் தேடுவதும் இப்படித்தான். நம் கும்மியைப் போல மும்மூன்றாய் எட்டு வைக்கும் நடன மெட்டு அது. சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903-ல் 1,850 மெட்டுகளை அச்சிட்டார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொருவர் எழுதினார். ஒரே மெட்டுக்கு நான்கு பெயர், ஒரே பெயரில் நான்கு மெட்டு என்று அங்கேயும் குழப்பம் இருக்கிறது. ஆனாலும் சுரம் காகிதத்தில் இருப்பதால் குழப்பத்தைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது.

நம் நாட்டுப்பாடல் தொகுப்புகளில் நிலைமை தலைகீழ். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் 1958-ல் 'மலையருவி'யாக வெளியிட்டது. நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-ல் வந்தது. இரண்டும் பெரிய உழைப்பு. அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் என் தேடல் தொடங்கியே இருக்காது. வானமாமலை நூலில் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம், பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். விளாத்திகுளம் என்று பார்த்தால் அந்தக் கரிசலின் காற்றே அடிக்கும். ஆனால் பாடியவர் யார்? எந்த வேலையில் பாடினார்? எந்த சுரத்தில் முடித்தார்? பெரும்பாலான நம் தொகுப்புகளில் இந்த மூன்றும் இருக்காது. அயர்லாந்தில் சொல் இல்லாத மெட்டு அச்சானது. இங்கே மெட்டு இல்லாத சொல் அச்சானது.

இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும் தடயம் ஒன்று தமிழ் அச்சில் உண்டு: பாட்டின் தலையில் போடும் 'வர்ணமெட்டு'. இன்ன பாட்டின் மெட்டில் இதைப் பாடுக என்ற குறிப்பு. பாரதி 'தொண்டு செய்யும் அடிமை'யை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் மெட்டில் எழுதினார். குறிப்பு இருப்பதால், அந்தச் சரித்திரத்தை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி வரைக்கும் கைபிடித்துப் போய்விடலாம். நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் கிராமபோன் பாட்டுப் புத்தகங்களிலும் இது ஏராளம். ஆய்வாளர்கள் சொற்களுக்குக் கொடுத்த கவனத்தில் கால் பங்கை இந்த ஒற்றை வரிக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம். ஆனால் குறிப்பில் உள்ள மூலப்பாட்டையே யாரும் பாடாமல் போய்விட்டால், அந்த வரி பூட்டிய வீட்டின் விலாசமாகத்தான் நிற்கும்.

வர்ணமெட்டைக் கவனிக்காமல் விட்டதைவிடப் பெரிய பிழை, முதலில் அச்சானதையே முதலில் பிறந்ததாக எண்ணிவிடுவது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரைக் காவடிச்சிந்தின் தந்தை என்கிறோம். 1865-ல் பிறந்து 26 வயதுக்குள் மறைந்த அந்த மேதையின் சொல்லழகுக்கு நான் அடிமை. என்றாலும், அவருக்கு முன்னால் காவடி எடுத்தவர்கள் வாய்மூடியா மலை ஏறினார்கள்? தோளில் காவடி ஆட, காலடிக்கு ஏற்ப ஒரு சிந்து இருந்திருக்கும். அது காகிதத்துக்கு வரவில்லை. 'இந்த ஆண்டுக்குள் இருந்தது' என்று மட்டுமே அச்சு சொல்கிறது. அதை 'இந்த ஆண்டில் தோன்றியது' என்று படிப்பது நம் அவசரம்.

ஒலிப்பதிவு இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று நினைத்தேன். குரலின் குழைவும் மூச்சு வாங்கும் இடமும் அதில்தான் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். இரவு முழுக்க நீளும் எசப்பாட்டு அதில் அடங்குமா? இன்னொரு ஆபத்தும் உண்டு. அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதி வயலின்காரர் மைக்கேல் கோல்மன் 1920-களில் நியூயார்க்கில் கொடுத்த இசைத்தட்டுகள் ஊருக்குத் திரும்பிப் போனபோது, மற்ற பகுதிக்காரர்களும் அவரைப் போலவே வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்தில் கேசட்டும் சினிமாவும் அதைச் செய்தன. கேட்டுப் பழகிய வடிவம் 'சரியான' வடிவமாகிவிட, அத்தையும் பாட்டியும் பாடிய வடிவம் 'தப்பு' ஆகிவிட்டது.

அந்தச் சினிமாவுக்கு மெட்டு போனதும் எங்கள் பக்கத்திலிருந்துதான். பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில், வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடினார். ஜனங்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றினால் ஒரே தடவையில் மனசில் தங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தம்பி இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி'யில் அதே மண்ணின் சாயலைத் திரைக்குக் கொண்டுபோனார். இன்று இங்கே ஒரு கிழவி தெம்மாங்கு பாடினால், கேட்கும் இளைஞன் 'சினிமாப் பாட்டு' என்கிறான். அந்த இடத்தில் தேடல்முறைதான் நியாயம் செய்கிறது. 1958-ல் வந்த 'மலையருவி'யையும் 1976-ல் வந்த இசைத்தட்டையும் காட்டி, 'தம்பி, பாட்டின் சொல்லாவது சினிமாவுக்கு முந்தியது, சொந்தக்காரி இந்தக் கிழவி' என்று சொல்ல முடிகிறது. இசையமைப்பாளரின் பெருமை இதனால் குறைவதில்லை. கடன் யாரிடம் என்று தெரிகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு பயனுக்காகவே இந்த வேலையைக் கைவிடக் கூடாது என்பேன்.

ஆனால் ஏலக்காட்டில் நான் கேட்டதற்கு நூலிலும் நாடாவிலும் விடையில்லை. தேயிலைபோல நின்று கிள்ளும் வேலை இல்லை, ஏலக்காய் எடுப்பது. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் முற்றிய காயை மட்டும் விரல் தேடி எடுக்க வேண்டும். குத்த வைத்து, தலை குனிந்து, தூருக்குத் தூர் நகர வேண்டும். இலை மறைப்பதால் ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கின் நடவில் பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்வார்கள். கை ஒன்றாக விழ வேண்டும் என்பதால் மெட்டு துள்ளும். இங்கே அதே மெட்டு நீள்கிறது, கடைசி சுரம் குரல் எட்டும் வரை நிற்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒரே பாட்டு.

அந்த அம்மாவிடம் கேசட் வடிவத்தைப் போனில் போட்டுக் காட்டினேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நல்லாத்தான் பாடியிருக்கு. ஆனா வெரசா போகுதே, நடவுக்குல்ல அது. காய் எடுக்கையில இழுத்துத்தான் பாடணும். அங்கிட்டு இருக்கவளுக்குக் கேக்கணும்ல தம்பி?"

யாரிடம் கற்றீர்கள் என்றேன். "எங்க சின்னாத்தாகிட்ட. அவ கோம்பைக்கு வாக்கப்பட்டுப் போயி அங்க படிச்சுக்கிட்டு வந்தா."

ஒரு கல்யாணத்தால் ஊர் மாறிய மெட்டு. சின்னாத்தாளின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த அம்மா மறுபடி இழுத்துப் பாடினார். நான்கைந்து தூருக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு குரல் அடுத்த அடியை எடுத்துக்கொண்டது. அது முடித்த சுரம் வேறு. இரண்டையும் எழுதினேன், தேதி, தோட்டம், வேலை, யார் முதலில் பாடினார், யார் பதில் சொன்னார் எல்லாம் பக்கத்திலேயே.