உடைகலமும் நம்பிக்கையும்: ‘லைஃப் ஒஃப் பை’ நாவல் பற்றிய சில சிந்தனைகள்

கடல் விபத்தில் தப்பிப் பிழைத்த தனிமனிதனின் கதை, நாவல் என்னும் இலக்கிய வடிவத்தோடு உடன்பிறந்ததாகும். டானியல் டீபோ 1719ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரொபின்சன் குரூசோ’வை ஆங்கில நாவலின் தொடக்கமாகக் கொள்வோர் பலர். அவ்வரிசையில் அண்மைக் காலத்திலே பெருவரவேற்புப் பெற்ற நூல், கனடிய எழுத்தாளரான யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட ‘லைஃப் ஒஃப் பை’ ஆகும். 2002இல் புக்கர் பரிசைப் பெற்ற இந்நாவலின் கதாநாயகன் புதுச்சேரியில் வளர்ந்தவன் என்பதால் தமிழ் வாசகர் இதனை ஆர்வத்துடன் படித்தல் இயல்பே. கண்டிப் பிரதேசத்திலிருந்து படிக்கும் நமக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

புதுச்சேரியில் மிருகக்காட்சிச்சாலை நடத்தும் பட்டேல் என்பவரின் மகன் பை. இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய வழிபாடுகள் மூன்றையும் ஒருங்கே கைக்கொள்ளும் சிறுவன் அவன். நெருக்கடிநிலைக் கால அரசியலில் நம்பிக்கையிழந்த தந்தை, மிருகங்களை விற்றுவிட்டுக் குடும்பத்துடன் கனடாவுக்குப் புறப்படுகிறார். 1977இல் அவர்கள் ஏறிய ஜப்பானிய சரக்குக் கப்பல் பசிபிக் சமுத்திரத்தில் மூழ்குகிறது. உயிர்காப்புப் படகில் வரிக்குதிரை, கழுதைப்புலி, ஒராங்குட்டான், ரிச்சர்ட் பார்க்கர் எனப் பெயர்கொண்ட வங்கப்புலி ஆகியவற்றுடன் பை எஞ்சுகிறான். ஈற்றில் புலியும் அவனுமாக 227 நாட்கள் கடலிற் கழித்து மெக்சிக்கோவின் கரையை அடைகின்றனர்.

நாவலின் கடற்பகுதியே அதன் சிறந்த பகுதி என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம். மழைநீரைச் சேகரித்தல், மீன் பிடித்தல், ஆமையை அறுத்தல், புலியின் எல்லையையும் தன் எல்லையையும் வகுத்து விசிலின் துணையால் அதனைப் பழக்குதல் என்பனவெல்லாம் நுணுக்கமாகச் சித்திரிக்கப்படுகின்றன. புலியைப் பற்றி அவனிடத்து மயக்கம் எதுவுமில்லை. அதன் பசியைத் தணிக்கும்வரையே தனக்கு உயிர் உண்டு என்பதை அவன் அறிவான். மனிதன் தன் உழைப்பினாலும் அறிவினாலும் இயற்கையோடு போராடி வாழ்கிறான் என்னும் உண்மை, கடவுள் நம்பிக்கையை வலியுறுத்த எழுந்த இந்நூலில் இவ்வளவு தெளிவாக வெளிப்படுவது குறிப்பிடத்தக்கது.

எனினும் நாவலின் இறுதிப் பகுதி இவ்வுண்மையிலிருந்து விலகிச் செல்கிறது. கப்பல் மூழ்கிய காரணத்தை அறிய ஜப்பானிய அதிகாரிகள் இருவர் வருகின்றனர். புலிக்கதையை அவர்கள் நம்ப மறுக்கவே, பை இரண்டாவது கதையொன்றைக் கூறுகிறான். அதில் மிருகங்கள் இல்லை. காலொடிந்த மாலுமியொருவன், பையின் தாய், கப்பற் சமையற்காரன், பை ஆகிய நால்வரே உளர். சமையற்காரன் மாலுமியின் உடலை உண்கிறான், தாயைக் கொல்கிறான், பை அவனைக் கொல்கிறான். பின்னர் பை, இரு கதைகளுள் எது சிறந்தது என்று வினவுகிறான். மிருகங்கள் உள்ள கதையே சிறந்தது என்கின்றனர் அதிகாரிகள். கடவுள் விடயமும் அத்தகையதே என்பது நாவல் தரும் முடிபு.

இங்கே நிகழ்ந்திருப்பது யாது? கப்பல் ஏன் மூழ்கியது என்னும் வினாவுடன் வந்தவர்கள், எந்தக் கதை இனிமையானது என்னும் வினாவுக்கு விடைகூறித் திரும்புகின்றனர். விபத்தின் காரணம் அறியப்படாமலே அவர்களது அறிக்கை முடிகிறது. உண்மை பற்றிய வினா சுவை பற்றிய வினாவாக மாற்றப்படும்போது, கப்பற் கம்பனியின் பொறுப்புப் பற்றிய வினாவும் மறைந்துவிடுகிறது. நாவலாசிரியர் எல்லாவற்றையும் ஆராயவேண்டிய கடப்பாடு உடையவர் அல்லர் எனச் சிலர் கூறக்கூடும். ஆயின் அவ்விசாரணையைக் கதைக்குள் கொண்டுவந்தவர் ஆசிரியரே என்பதை மறத்தலாகாது.

புலியின் பெயரும் நமது கவனத்துக்குரியது. 1884இல் ‘மிக்னொனெட்’ என்னும் ஆங்கிலேயப் படகு மூழ்கியபோது, உயிர்காப்புப் படகிற் பசியால் வாடிய தலைவனும் துணைவனும் தம்முடனிருந்த பதினேழு வயதுப் பணியாளச் சிறுவனைக் கொன்றனர். எஞ்சியோர் அவனை உண்டனர். அவ்வநாதைச் சிறுவனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். இப்பெயர்த் தேர்வு தற்செயலானதன்று என்பதை மார்ட்டெலே தெரிவித்துள்ளார். அப்படகிலே பலியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவன் யாவரினும் எளியவன், நோயுற்றவன், தனக்கெனக் குடும்பம் இல்லாதவன். இரண்டாவது கதையிலோ, புலி என்பது உயிர்தப்பிய பையையே குறிக்கிறது. அதாவது, உண்ணப்பட்ட தொழிலாளச் சிறுவனின் பெயர் பிழைத்தவனின் உருவகமாகிவிடுகிறது. இக்கதையில் உண்ணப்பட்ட மாலுமிக்கோ பெயரே இல்லை. முதற் கதையில் அவன் வரிக்குதிரையாகிறான். எந்தக் கதை சிறந்தது என அவனைக் கேட்பார் எவருமிலர்.

இப்போது நமது பிரதேசத்துக்கு வருவோம். புயலிலே பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ரொபேட் நொக்ஸ், 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் வீடும் நிலமும் பெற்றார். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். விவிலிய நூலொன்று விலைக்கு வந்தபோது தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்தே அதனைப் பெற்றார். அதனைக் கடவுளின் அருளாக அவர் கருதினார். அதனை வாங்க உதவியதோ அவரது கைத்தொழில். 1681இல் வெளிவந்த அவரது நூலை டீபோ 1720இல் எழுதிய ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நேரடியாகவே எடுத்தாண்டார். குரூசோவின் உழைப்பைக் கணக்கிட்ட கார்ல் மார்க்ஸ், அவனது பிரார்த்தனைகளை அவன் பொழுதுபோக்காகவே கொள்வதால் கணக்கில் சேர்க்காது விடுவதாக ‘மூலதனம்’ நூலில் எள்ளலுடன் குறிப்பிடுவது இங்கு நினைவுகூரத்தக்கது.

நொக்ஸ் 1679இல் அநுராதபுரத்தைக் கடந்து, யானைகள் உலவும் காடுகளினூடாக அருவியாற்றைப் பின்பற்றி, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், அதே மன்னார்க் கரையிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் எதிர்த்திசையில், காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். கோப்பித் தோட்டங்களை நோக்கிய அப்பயணத்தில் பசிக்கும் வாந்திபேதிக்கும் காட்டு விலங்குகளுக்கும் பலியானோர் பலர். 1864இல் தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ என்னும் கப்பல் கடலில் மூழ்கியது. நொக்ஸ் நூலெழுதினார். இவர்களுக்கோ எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த நாட்டார் பாடல்களே இவர்கள் வாழ்வின் சாட்சியங்கள். அப்பாடல்களிற் கடவுளரும் உளர், கங்காணியும் உளன். துயரத்துக்குக் காரணமானோரை அவை மறைப்பதில்லை. இவ்வாறு இருவகைப் பயணங்களையும் கண்ட மண்ணிலிருந்து படிக்கும்போது, கதையைத் தெரிவுசெய்யும் உரிமை எல்லோர்க்கும் பொதுவானதன்று என்பது நமக்குத் தெளிவாகின்றது.

நம்பிக்கையைப் பேசும் இலக்கியம் யாவும் பிற்போக்கானது என்பது நமது கருத்தன்று. மணிமேகலையில் வரும் சாதுவன் கதை இதற்குச் சான்று. கலம் உடைந்து, மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலையை அடைந்த வணிகன் அவன். மனிதரை உண்ணும் நாகரின் தலைவன் தன் துணையோடு இருந்த தோற்றத்தைக் காவியம் கரடி இணைக்கு ஒப்பிடுகிறது. சாதுவனைக் காத்தது அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையே. அவன் போதித்த அறத்தின் பயனாகக் கிடைப்பது ஒரு சமூக விதி: இனிமேல் கலம் உடைந்து கரையேறும் மனிதரைக் கொல்லாது காக்கவேண்டும். சாத்தனாரின் பௌத்தச் சார்பும் வணிகர் நலனும் இதிற் கலந்திருப்பினும், அங்கே நம்பிக்கை அடுத்து வருவோரின் உயிரைக் காக்கும் நடைமுறையாகின்றது. மார்ட்டெலின் நாவலில் அது தனிமனிதனின் மனவாறுதலாகச் சுருங்குகிறது. கரையேறிய பையின் கதையால் அடுத்த கப்பலில் ஏறுவோர்க்குப் பாதுகாப்பு எதுவும் விளைவதில்லை.

ஆகவே, ‘லைஃப் ஒஃப் பை’ படிக்கத்தக்க நாவலே. பசியையும் உழைப்பையும் பற்றி அது கூறுவன உண்மையானவை. ஆயின் அது இறுதியில் முன்வைக்கும் வினாவை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்தக் கதை சிறந்தது எனக் கேட்கப்படும்போது, கப்பல் ஏன் மூழ்கியது எனத் திருப்பிக் கேட்பதும், உண்ணப்பட்டவனின் பெயரை உசாவுவதும் விமர்சகனின் கடமையாகும்.